நல்லா ஓடுற கிட்னியை எதுக்குக் குத்தணும்?

கேள்வி சோமனூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கிறது. சுருக்கம் இதுதான். கேட்டவருடைய தங்கை வீட்டுக்காரருக்கு வயது 36, சொந்தமாக எட்டுத் தறி ஓட்டுகிறார். தை மாதம் கோவையில் சிறுநீரக மாற்று நடந்தது. கொடுத்தது பெற்ற அம்மா. கிரியேட்டினின் (கிட்னி சரியாக வடிக்காவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.2இல் நிற்கிறது, சிறுநீர் நன்றாகப் போகிறது, ஆள் தறிக்குடோனில் போய் உட்காரவும் ஆரம்பித்துவிட்டார். இப்போது மூன்றாம் மாதம் ஆகிறது, ஒரு பயாப்சி, அதாவது ஊசியால் துளி சதை எடுத்துப் பார்க்கும் சோதனை, செய்துவிடலாம் என்கிறார் நெஃப்ராலஜி (சிறுநீரக) டாக்டர். அம்மாவோ, "நல்லா ஓடுற கிட்னியை எதுக்குங்க சாமி ஊசி போட்டுக் குத்தணும்? நான் குடுத்தது வீணாப் போயிருமாட்ட இருக்குதே" என்று ஒரு வாரமாக வெசனப்பட்டுக்கொண்டிருக்கிறாராம். கேட்டவர் கடைசியில் இன்னொரு வரி சேர்த்திருக்கிறார்: "அந்தச் சதையைப் பார்த்தா இந்தக் கிட்னி எத்தனை வருசம் வரும்னு சொல்லிருவாங்களா?"

நான் பதினெட்டு வருடமாகக் கோவையில் சிறுநீரகச் சதைத் துணுக்குகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவன். நோயாளியின் முகத்தைவிட அவருடைய கண்ணாடித் தகட்டைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்கு யாராலும் சொல்ல முடியாதுங்க. ஆனால் இந்தக் கிட்னிக்குள் இப்போது ஏதாவது எரிந்துகொண்டிருக்கிறதா, எரிந்தால் அதை அணைக்க இன்னும் நேரம் இருக்கிறதா என்று சொல்ல முடியும். மூன்றாம் மாதம் குத்திப் பார்ப்பது அதற்காகத்தான்.

அம்மாவின் கேள்விக்கு அவரையே சாட்சிக்கு அழைக்கலாம். இரண்டு கிட்னியில் ஒன்றை முழுசாகக் கழற்றிக் கொடுத்தவர் அவர். வடிகட்டும் முடிச்சுகளில் சரிபாதி போய்விட்டது. அவருடைய கிரியேட்டினின் இப்போது என்ன என்று பாருங்கள். கொடுப்பதற்கு முன் 0.7 இருந்திருந்தால் இப்போது 1.0 பக்கம் இருக்கும், லேப் சீட்டில் 'நார்மல்' என்றே அச்சாகியிருக்கும். பாதி போயும் அந்த எண் கத்தவில்லை, ஏனென்றால் மிச்சம் இருக்கிற முடிச்சுகள் வேலையைத் தலையில் ஏற்றுக்கொள்கின்றன. மகனுக்குள் போன கிட்னியும் இதையேதான் செய்யும். உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தாலும் மிச்சம் இருப்பது ஈடுகட்டிக்கொண்டே வரும். கிரியேட்டினின் 1.2இலிருந்து 1.8க்கு ஏறும் நாளில் நாம் பார்ப்பது அன்றைக்கு ஆரம்பித்த நோய் இல்லை, மாதக்கணக்கில் நடந்து முடிந்த ஒன்று. 1.2 என்ற எண்ணை வைத்துச் சந்தோஷப்படலாம், தப்பில்லை. நிம்மதியாகத் தூங்க அது மட்டும் போதாது.

மாற்றிவைத்த கிட்னியை உடம்பு அந்நியம் என்று நினைத்துத் தாக்குவதுதான் நிராகரிப்பு. இப்படிக் கிரியேட்டினின் ஏறாமலே உள்ளே நடக்கும் நிராகரிப்புக்கு 'சப்கிளினிக்கல் ரிஜெக்‌ஷன்' என்று பெயர். தமிழில் சொன்னால் சத்தமில்லாத நிராகரிப்பு. இதைத் தேடித்தான் கனடாவின் வின்னிபெக்கில் ரஷ் என்ற மருத்துவரும் அவர் குழுவும் நன்றாக இருக்கும் நோயாளிகளுக்கே முதல், இரண்டாம், மூன்றாம் மாதங்களில் பயாப்சி எடுத்துப் பார்த்தார்கள். 72 பேர். ஒரு பாதிக்கு இப்படி முன்கூட்டியே எடுத்து, கண்டுபிடித்த நிராகரிப்புக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்கள். மறுபாதிக்கு அந்த ஆரம்ப மாதப் பயாப்சிகள் இல்லை. 1998இல் முடிவு வந்தபோது முதல் பாதிதான் நன்றாக இருந்தது. உலகம் முழுக்கப் பல மையங்கள் இந்த வழக்கத்துக்கு மாறியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

இங்கே ஒரு மறுபக்கம் இருக்கிறது, அதை மறைத்தால் நான் ஊசிக்கு வக்காலத்து வாங்குகிறவன் ஆகிவிடுவேன். 1998 ஆய்வு, நிராகரிப்பைத் தடுக்க சைக்ளோஸ்போரின் என்ற மருந்து கொடுத்த காலத்தது. பிறகு டாக்ரோலிமஸும் மைக்கோஃபினோலேட்டும் வழக்கத்துக்கு வந்தன, உங்கள் மச்சான் சாப்பிடுவதும் அநேகமாக அவைதான். அதே ரஷ் 2007இல் இந்த மாத்திரைகளில் இருக்கும் 240 பேரை வைத்து மறுபடி சோதித்தார். சத்தமில்லாத நிராகரிப்பு 4.6 சதவீதம்தான் அகப்பட்டது. ஆரம்பப் பயாப்சியால் பெரிய லாபம் தெரியவில்லை. தன் பழைய முடிவைத் தானே திருத்தி எழுத ஒரு மனசு வேண்டும். ஆக, எல்லோருக்கும் கட்டாயம் என்று சட்டம் எதுவும் இல்லை. நல்ல மையங்களிலேயே சிலர் எடுக்கிறார்கள், சிலர் ஆளைப் பார்த்து எடுக்கிறார்கள். உங்கள் டாக்டர் எந்தக் கட்சி, ஏன் என்று அவரிடமே கேட்கலாம். கேட்டால் கோபப்பட மாட்டார்.

என் கட்சி எது என்றால், எடுக்கிற கட்சிதான். இவருடைய விஷயத்தில் கூடுதல் காரணமும் இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

அன்றைக்கு என்ன நடக்கும் என்று தெரிந்தால் அம்மாவின் பயம் பாதி குறையும். மாற்றிவைத்த கிட்னி முதுகுப் பக்கம் இல்லை, அடிவயிற்றில் இடுப்பெலும்புக் குழிக்குள், தோலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்கேனில் பார்த்துக்கொண்டே இடத்தை மரத்துப்போக வைத்து, 16 அல்லது 18 கேஜ் ஊசி பொருத்திய துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் எடுப்பார்கள். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்குத்தான் ஆள் தூக்கிவாரிப் போடுவார், வலிக்கு இல்லை. முன்கூட்டியே சொல்லி வையுங்கள். வருவது நூல் மாதிரி ஒரு சதைத் துணுக்கு, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கு உள்ளேதான். இரண்டு எடுப்பார்கள். அப்புறம் சில மணி நேரம் அசையாமல் படுக்கை, பிரஷர் பார்ப்பது, சிறுநீரில் ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது. சிலருக்கு லேசாகச் சிவந்து போகும், தானாக நிற்கும். 2003இல் வெளியான ஒரு தொகுப்பில் இப்படி நன்றாக இருந்தவர்களுக்கு எடுத்த 2127 பயாப்சிகளைக் கணக்குப் போட்டார்கள். அதில் ஒரே ஒரு கிட்னி போயிருந்தது. பூஜ்யம் இல்லை, ஒன்று. அந்த ஒன்றை மனதில் வைத்துத்தான் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாவிட்டால் தேதியைத் தள்ளிப் போடுகிறோம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள் என்று நச்சரிப்பதும் அதனால்தான்.

அந்த நூல் என் கைக்கு வந்த பிறகு நடப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரிப்போர்ட்டை எப்படி எடைபோடுவது என்பது அதில்தான் இருக்கிறது.

அரிசி மண்டியில் குத்தூசி பார்த்திருப்பீர்கள். மூட்டையைப் பிரிக்காமலே பக்கவாட்டில் குத்தி, குழிந்த ஊசியில் வரும் ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் கொட்டி வியாபாரி விலை சொல்வார். பயாப்சி அச்சு அசல் அதேதான். ஒரு கிட்னியில் ஏறக்குறைய பத்து லட்சம் கிளாமருலஸ், அதாவது ரத்தத்தை வடிக்கும் முடிச்சு, இருக்கிறது. ஊசியில் எனக்கு வருவது பத்து, பதினைந்து, நல்ல நாளில் இருபது. கைதேர்ந்த வியாபாரி ஒரே இடத்தில் குத்திவிட்டு மொத்த லோடுக்கும் விலை பேச மாட்டார். நாங்களும் அப்படித்தான். குறைந்தது 10 முடிச்சு, 2 தமனி இருந்தால்தான் மாதிரி போதுமானது என்று கணக்கு. 7 முடிச்சும் ஒரு தமனியும் இருந்தால் ஏதோ ஒப்பேற்றலாம். அதற்கும் கீழே என்றால், என்னதான் அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் அந்த ரிப்போர்ட்டை நம்பி பெரிய முடிவு எடுக்காதீர்கள். ஊசி உள்ளே ஆழமாகப் போய்விட்டால் முடிச்சே இல்லாத உட்பகுதி மட்டும் வரும். அப்படி வந்த துணுக்கைப் பார்த்து 'நிராகரிப்பு இல்லை' என்று எழுதுவது, வெறும் சாக்கைக் குத்திவிட்டு அரிசி நயம் என்று சொல்வது போல.

இந்தப் பத்து, இரண்டு என்ற கணக்கெல்லாம் வந்தது பான்ஃப் என்ற ஊரிலிருந்து. நமக்கு ஊட்டி மாதிரி கனடாவில் அது ஒரு மலையூர். 1991இல் அங்கே கூடிய நோய்க்குறியியல் மருத்துவர்களும் மாற்று சிகிச்சை மருத்துவர்களும், ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தி ஒரு பொது அளவுகோல் போட்டார்கள்; 1993இல் அச்சானது. அன்றிலிருந்து அவ்வப்போது கூடித் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் 'ஐ', 'டி', 'ஜி', 'பி.டி.சி.', 'சி.ஐ.', 'சி.டி.' என்று எழுத்துகளும் பக்கத்தில் 0 முதல் 3 வரை எண்களும் இருக்கும். அந்தப் பாஷைதான் இது.

துணிக்காரருக்கு இதைப் புரியவைப்பது சுலபம். கிரே துணி வாங்க வருகிறவர் லென்ஸை வைத்து ஒரு இஞ்சுக்கு எத்தனை பிக் (ஊடு நூல்) என்று எண்ணுகிறார் இல்லையா, நானும் அதே மாதிரி உட்கார்ந்து எண்ணுகிறேன். சிறுநீரகக் குழாயின் சுவருக்குள் வெள்ளையணுக்கள் புகுந்திருந்தால் அது 'டி'. ஒரு குழாயின் குறுக்குவெட்டில் நாலு வரைக்கும் புகுந்திருந்தால் டி1, ஐந்திலிருந்து பத்து என்றால் டி2, அதற்கு மேல் டி3. குழாய்களுக்கு நடுவே இருக்கிற இடத்தில் அழற்சி எவ்வளவு பரவியிருக்கிறது என்பது 'ஐ'. கால் பங்கு வரை ஐ1, பாதி வரை ஐ2, பாதிக்கு மேல் ஐ3. இரண்டும் 2க்கு வந்துவிட்டால் நிராகரிப்பு என்று பெயர் வைத்துவிடுகிறோம். இரண்டும் இருந்து, ஆனால் அந்த அளவுக்கு வராவிட்டால் 'பார்டர்லைன்'. இந்தப் பார்டர்லைன் என்ற சொல் பல குடும்பங்களின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. எங்களுக்கே அதில் சண்டை உண்டு. ஒரே தகட்டை இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் டி1 என்பார், இன்னொருவர் டி2 என்பார். எண்ணுவது மனிதக் கண்தானே.

அழற்சி ஒரு கணக்கு. தழும்பு இன்னொரு கணக்கு. மேசன் டிரைக்ரோம் என்ற சாயத்தைப் போட்டால் தழும்புத் திசு நீலமாகத் தெரியும். நல்ல கிட்னியில் குழாய்கள் ஒன்றோடொன்று நெருக்கி ஒட்டிக்கொண்டிருக்கும், நடுவில் நீலமே கண்ணில் படாது. தழும்பு விழுந்த இடத்தில் நீலம் பரவியிருக்கும், குழாய்கள் சுருங்கி ஆளுக்கொரு மூலையில் கிடக்கும். 'சி.ஐ.', 'சி.டி.' என்பவை இதைத்தான் அளக்கின்றன.

இனி எதிர்காலத்தைச் சொல்லும் விஷயம். சிட்னியின் வெஸ்ட்மீட் மருத்துவமனையில் நான்கிவெல் குழு 120 பேருக்குப் பத்து வருடத்தில் 961 பயாப்சி எடுத்துத் தொடர்ந்து பார்த்தது, 2003இல் எழுதினார்கள். பெரும்பாலான சேதம் முதல் வருடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது என்று அது சொன்னபோது எங்கள் துறையே கொஞ்சம் ஆடிப்போனது. அது பெரும்பாலும் சர்க்கரை நோய்க்காகக் கணையமும் சேர்த்து மாற்றியவர்கள், சைக்ளோஸ்போரின் காலத்தவர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருந்தாலும் 'முதல் வருடம்' என்ற பாடம் நின்றுவிட்டது.

அடுத்து வந்த கேள்வி, எல்லாத் தழும்பும் ஒன்றா என்பது. இதற்குப் பதில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்தது. 2005இல் கோசியோ குழு முதலில் எழுதியது, 2010இல் இன்னும் தெளிவாக. அந்த 2010 ஆய்வு எனக்குப் பிடித்ததற்குக் காரணம், அதில் எடுத்துக்கொண்டவர்கள் உங்கள் மச்சான் மாதிரி ஆட்கள்: உயிரோடு இருப்பவரிடம் கிட்னி பெற்று, டாக்ரோலிமஸில் இருந்து, வெளியே எந்தத் தொந்தரவும் இல்லாத 151 பேர். ஒரு வருடப் பயாப்சியில் சுத்தமாக இருந்தவர்களும், தழும்பு மட்டும் இருந்தவர்களும் அடுத்த சில வருடம் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓட்டினார்கள். தழும்பும் அழற்சியும் சேர்ந்து இருந்தவர்களுக்குத்தான் கிட்னி இறங்கிக்கொண்டே போனது.

இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் போதும். தழும்பு மட்டும் என்றால் அது ஆறிப்போன காயம், எப்போதோ நடந்தது. ஆபரேஷன் நேரத்தில் ரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களில்கூட விழுந்திருக்கலாம். தழும்புக்குள் வெள்ளையணுக்கள் மொய்த்துக்கொண்டிருந்தால் காயம் இன்னும் ஆறவில்லை, நாளைக்கு நீலம் இன்னும் பரவும். ரிப்போர்ட் கையில் வந்ததும் 'தழும்பு எத்தனை சதவீதம்' என்று எல்லோரும் முதலில் கேட்பார்கள். நீங்கள் அதற்கு முன்னால் 'தழும்புக்குள் அழற்சி இருக்கிறதா' என்று கேளுங்கள். பான்ஃப் அளவுகோலில் அதற்கென்றே தனி எண் இருக்கிறது, 'ஐ-ஐ.எஃப்.டி.ஏ.' என்று எழுதுவோம்.

ஒரு ஆளைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் மாற்றியிருக்கிறேன். பல்லடம் பக்கம் ஸ்பின்னிங் மில்லில் வேலை, முப்பது வயதுக்குள். கிரியேட்டினின் 1.1, டாக்ரோ லெவல், அதாவது ரத்தத்தில் டாக்ரோலிமஸின் அளவு, ஒவ்வொரு தடவையும் கச்சிதம். மூன்றாம் மாதப் பயாப்சியில் ஐ2, டி2. வியாழக்கிழமைகளில் நெஃப்ராலஜி டாக்டரும் நானும் இரண்டு பேர் பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் உட்கார்வது வழக்கம். அன்றைக்கு அவர், "லெவல் இவ்வளவு நல்லா இருக்கே, பேர் மாறிருச்சா பாருங்க" என்றார். மாறவில்லை. ஆளைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். அரை மணி நேரம் 'ஒழுங்காத்தானுங்க போடறேன்' என்றே சொல்லிக்கொண்டிருந்தவர் கடைசியில் ஒத்துக்கொண்டார். வாரம் ஒரு ஷிப்ட் மாறும். காலை எட்டு, இரவு எட்டு என்று போட வேண்டிய மாத்திரை, நைட் ஷிப்ட் வாரத்தில் காலையில் வந்து படுத்தால் மத்தியானம் மூணு மணிக்குத்தான் ஞாபகம் வரும். ரத்தப் பரிசோதனைக்கு வருவதற்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் 'டாக்டர் திட்டுவாருங்க' என்று மணி தவறாமல் போட்டிருக்கிறார். ரத்தத்தில் லெவல் அந்த இரண்டு நாள் கதையைத்தான் சொன்னது. சதைத் துணுக்கு மூன்று மாதக் கதையைச் சொல்லிவிட்டது. ஊசி வழியாக மூன்று நாள் ஸ்டீராய்டு, அதற்குப் பிறகு மில்லில் பேசி ஜெனரல் ஷிப்ட், ஒரு நாளைக்கு ஒரே வேளை போடும் வகை டாக்ரோலிமஸ். ஆறு மாதம் கழித்து எடுத்ததில் அழற்சி இல்லை. சி.ஐ.1 அளவுக்குக் கொஞ்சம் நீலம் மிஞ்சியிருந்தது. அது போகாது, ஆனால் பரவவும் இல்லை.

கூடுதல் காரணம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். தறி ஓட்டுகிறவருக்குப் பொழுதுக்கு ஒரு ஒழுங்கு கிடையாது. கரண்ட் இருந்தால் ராத்திரி, பாவு தீர்ந்தால் பகல் தூக்கம். உங்கள் மச்சான் மாத்திரையை மணிக்கு மணி போடுகிறார் என்று நீங்கள் நம்பலாம், நானும் நம்புகிறேன். இருந்தாலும் ஒரு முறை உள்ளே பார்த்துவிடுவது நல்லது.

இப்போது நான் செய்த தப்பையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், அப்போது நான் இருந்த இடத்தில், ஒரு பயாப்சியில் டி2 பார்த்தேன். நிராகரிப்பு என்று எழுதிவிட்டேன். ஸ்டீராய்டு போனது. மூன்று வாரத்தில் கிரியேட்டினின் ஏறியது. மறுபடி எடுத்து, எஸ்.வி.40 என்ற சாயம் போட்டபோது குழாய் அணுக்களின் உட்கருக்கள் பழுப்பாகப் பிடித்தன. பி.கே. வைரஸ். நம்மில் முக்கால்வாசிப் பேர் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் கிருமி அது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை போட்டதும் விழித்துக்கொண்டு கிட்னிக் குழாய்களைத் தாக்கும். மைக்ராஸ்கோப்பில் அசல் நிராகரிப்பு மாதிரியே இருக்கும். வைத்தியமோ நேர் எதிர்: நிராகரிப்புக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், இதற்குக் குறைக்க வேண்டும். பழைய தகட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு மூலையில் இரண்டு உட்கருக்கள் பெருத்து, மங்கிய கண்ணாடி மாதிரி, அன்றைக்கே அங்கே இருந்திருக்கின்றன. அவசரத்தில் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த நோயாளியின் கிட்னி பிழைத்தது, ஆனால் 1.4இல் இருந்திருக்க வேண்டியவர் 2.1இல் நின்றார். அன்றிலிருந்து மாற்றுக் கிட்னி எதுவானாலும் எஸ்.வி.40 போடாமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. உங்கள் ரிப்போர்ட்டிலும் அது போட்டிருக்கிறதா, சி4டி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சி4டி என்பது எதிர்ப்பொருள்கள் ரத்த நுண்குழாய்களைத் தாக்கியதற்கான தடயம். தடயம் இல்லாமலும் அந்தத் தாக்குதல் நடக்கும் என்று 2013க்குப் பிறகு பான்ஃப் ஒத்துக்கொண்டுவிட்டது; அதனால் வடிமுடிச்சிலும் நுண்குழாய்களிலும் உள்ள அழற்சியைச் சொல்லும் 'ஜி', 'பி.டி.சி.' எண்களையும் கூடவே பார்க்க வேண்டும்.

சரி, எண்களை எல்லாம் சேர்த்து ஜாதகம் மாதிரி கணிக்க முடியாதா என்றால், முயன்றிருக்கிறார்கள். அதில் இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்று, மரபணு வழி. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பார்பரா மர்ஃபி என்ற சிறுநீரக மருத்துவர் முன்னின்று நடத்திய கூட்டாய்வு. மூன்றாம் மாதத் துணுக்கில் எந்தெந்த மரபணுக்கள் மும்முரமாக வேலை செய்கின்றன என்று பார்த்து, 13 மரபணுக்களைப் பொறுக்கி எடுத்தார்கள். ஒரு வருடத்தில் யாருக்குத் தழும்பு பரவும் என்பதை, மைக்ராஸ்கோப்பில் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, அந்தப் பதின்மூன்றும் சேர்ந்து நன்றாகவே ஊகித்தன. 2016இல் வந்தது. படித்த அன்று என் வேலைக்கே ஆபத்து என்று நினைத்தேன். இத்தனை வருடம் ஆகியும் என் மேசைக்கு வரும் துணுக்குகளுக்கு சாயமும் லென்ஸும்தான்.

இன்னொன்று பாரிஸில் லூப்பி குழு செய்த 'ஐபாக்ஸ்'. 2019இல் வெளியானது. ஐரோப்பா, அமெரிக்காவின் 10 மையங்களில் 7557 பேருடைய விவரம். அவர்கள் பயாப்சியை மட்டும் நம்பவில்லை. மாற்று நடந்து எவ்வளவு நாள் ஆனது, கிட்னி எவ்வளவு வடிக்கிறது, சிறுநீரில் புரதம் எவ்வளவு போகிறது, கொடுத்தவருக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்ற நான்கோடு, துணுக்கிலிருந்து நான்கைச் சேர்த்தார்கள்: தழும்பு, குழாய் அழற்சி, நுண்குழாய் அழற்சி, வடிமுடிச்சின் நாள்பட்ட சேதம். எட்டும் சேர்ந்து மூன்று, ஐந்து, ஏழு வருடக் கணக்கைச் சொல்லும். எவ்வளவு சரியாக? இரண்டு பேரைக் காட்டி 'இவர்களில் யாருடைய கிட்னி முதலில் போகும்' என்று கேட்டால் நூற்றுக்கு 81 தடவை சரியாகச் சொல்லும். காசு சுண்டிப் போட்டாலே 50 வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். 81 என்பது நல்ல எண், எங்கள் துறையில் மிக நல்ல எண். ஆனாலும் அது சொல்வது 'உங்களைப் போன்ற எண்கள் உள்ள நூறு பேரில் ஏழு வருடம் கழித்து இத்தனை பேருக்கு ஓடிக்கொண்டிருக்கும்' என்றுதான். அந்த நூறில் உங்கள் மச்சான் எந்தப் பக்கம் என்று அதற்குத் தெரியாது. அந்தப் பத்து மையங்களில் நம் நாட்டு மையம் எதுவும் கிடையாது என்பதும் என் மனதில் ஓடும். நம் ஊரில் காசநோய் வருகிறது, அதற்கு ரிஃபாம்பிசின் கொடுத்தால் டாக்ரோ லெவல் அதலபாதாளத்துக்குப் போகிறது. காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடும் மாத்திரைகள் வேறு. எட்டுக் கட்டங்களில் எதிலும் இவையெல்லாம் இல்லை.

கணிப்பைக் கெடுக்கும் இன்னொரு சமாச்சாரம், கிட்னியோடு கூடவே வந்த பழைய கணக்கு. அம்மாவுக்கு 57, 58 வயது இருக்குமா? அந்த வயதில் நன்றாக இருப்பவர் கிட்னியிலும் சின்னத் தமனிச் சுவர்களில் கண்ணாடி மாதிரிப் படிவு கொஞ்சம் இருக்கும். டாக்ரோலிமஸ் நாள்பட உண்டாக்கும் சேதமும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் தெரியும். மூன்றாம் மாதம் அதைப் பார்க்கும்போது இது அம்மா கொடுத்ததா, மாத்திரை கொடுத்ததா என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆபரேஷன் மேசையில், கிட்னியைப் பொருத்திய கையோடு ஒரு துணுக்கு எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட்டுவிடலாம். 'ஜீரோ அவர் பயாப்சி' என்பார்கள். எடுத்தார்களா என்று கேளுங்கள். எடுத்திருந்தால் அந்தத் தகடும் புதியதும் ஒரே ஆள் கையில் சேர வேண்டும். ஊர் மாறி, ஆஸ்பத்திரி மாறி வந்தாலும் துணுக்கைப் பதித்து வைத்த பழைய மெழுகுக் கட்டையைக் கேட்டு வாங்கலாம், அது வருடக்கணக்கில் கெடாது.

இங்கே ஒரு சின்ன விலகல். என் மேசைக்கு வரும் படிவங்களில் கொடையாளர் கட்டத்தில் 'தாய்', 'மனைவி' என்றே அதிகம் எழுதியிருக்கும். 'தகப்பனார்' எப்போதாவது. 'கணவர்' அதைவிட எப்போதாவது. கொடுத்த பிறகு மகனுடைய ஃபைல் தடித்துக்கொண்டே போகும், அம்மாவுக்கு ஃபைலே இருக்காது. அந்த அம்மாவுக்கும் வருடம் ஒரு முறை பிரஷர், சிறுநீரில் புரதம், கிரியேட்டினின் பார்க்க வேண்டும். மச்சானைக் கூட்டிக்கொண்டு வரும் அன்றைக்கே இதையும் முடித்துவிடுங்கள், தனியாக என்றால் அவர் வர மாட்டார்.

டாக்டரிடம் கேட்க வேண்டியது உண்மையில் ஒன்றுதான்: "இதுல என்ன வந்தா நீங்க என்ன மாத்துவீங்க?" ஐ2 டி2 வந்தால் ஸ்டீராய்டு, பி.கே. வந்தால் மருந்து குறைப்பு, நுண்குழாய் அழற்சி இருந்தால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனை, எல்லாம் சுத்தமாக இருந்தால் ஸ்டீராய்டு அளவைத் தைரியமாக இறக்குவது என்று அவரிடம் பதில் தயாராக இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமாக வந்தால் வீண் செலவு என்று நினைக்காதீர்கள். மாத்திரை இறங்கினால் சர்க்கரை வருவதும், எலும்பு தேய்வதும், தொற்று வருவதும் குறையும். 'எல்லாருக்கும் எடுக்கிறோம், எடுத்துக்கங்க' என்பது மட்டும்தான் பதில் என்றால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் இன்னொரு டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்பேன். பார்டர்லைன் வந்து, கிரியேட்டினினும் நன்றாக இருந்தால் உடனே ஸ்டீராய்டு ஊசிக்கு ஓடத் தேவையில்லை. லெவலைச் சரிசெய்து, சில வாரம் விட்டுப் பார்ப்பதும் முறைதான். அதில் டாக்டருக்கு டாக்டர் கருத்து மாறும், மாறுவது நியாயமும்கூட.

அம்மாவிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று கேட்டால், சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். நூல் அளவு சதை. பத்து லட்சத்தில் ஒரு இருபது முடிச்சு. ஊசி போட்ட இடத்தில் மறுநாள் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி இருக்கும், அவ்வளவுதான். அவர் கொடுத்ததில் வீணாகப் போவது எதுவும் இல்லை. பயாப்சி அன்றைக்கு அவரையும் கூட்டி வந்து, முடிந்தால் துணுக்கு எடுத்த பாட்டிலைக் காட்டச் சொல்லுங்கள். ஃபார்மலினில் மிதக்கும் அந்த நூலைப் பார்த்த பிறகு பயந்த அம்மாக்களை நான் பார்த்ததில்லை. "இத்தனூண்டா?" என்றுதான் கேட்பார்கள்.

ரிப்போர்ட் பொதுவாக ஓரிரு நாளில் வந்துவிடும், சி4டி, எஸ்.வி.40க்கு இன்னொரு நாள் கூடலாம். வந்ததும் எத்தனை முடிச்சு, எத்தனை தமனி, ஐ, டி, ஜி, பி.டி.சி., சி.ஐ., சி.டி. எண்கள், தழும்புக்குள் அழற்சி உண்டா இல்லையா, இவற்றை மட்டும் எழுதுங்கள். கூடவே கடைசி நான்கு டாக்ரோ லெவலும் வேண்டும், ஒன்று மட்டும் போதாது. அது மேலும் கீழும் குதிக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பேரும் ஆஸ்பத்திரி நம்பரும் இருக்கிற பக்கத்தைப் படம் எடுத்துப் போடாதீர்கள். பயாப்சிக்கு முந்தைய நாள் மச்சான் மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்று கேட்டுவிடாதீர்கள், சரியாகத்தான் சொல்வார். போன அமாவாசைக்கு எத்தனை மணிக்குப் போட்டார் என்று கேளுங்கள்.